வெங்காயத் தோல் முதல் கோழித் தொடை வரை: திசுப் பாடத்தை வெட்டிப் பார்த்துப் படிக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் படிவம் 4, 5 பிள்ளைகள், பதினாறு பதினேழு வயதினர். பாதிப் பேர் தோட்டத்து வீடுகளிலிருந்து மோட்டாரில் வந்து இறங்குவார்கள். திசு என்றால் ஒரே வேலைக்காகச் சேர்ந்திருக்கும் செல்களின் கூட்டம். அந்தப் பாடத்தில் எல்லாரும் தடுக்குவது ஒரே இடத்தில்தான். பெயர்களை முதலில் மனப்பாடம் செய்கிறார்கள், படத்தை அப்புறம் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதே இல்லை. சோதனையில் அதே படத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் போதும், நீர் கொண்டுபோகும் சைலம், உணவு கொண்டுபோகும் புளோயமாகிவிடும்.

அதனால் இங்கே பொருள் முதலில், பெயர் கடைசியில். ஒவ்வொரு படியிலும் கைக்கு ஒரே ஒரு புது வேலைதான் இருக்கும்படி வரிசை வைத்திருக்கிறேன். தண்டு வெட்டுவது சுவாரசியமாக இருக்கிறதே என்று முதல் நாளே அங்கே தாவினால், தவறு வெட்டிலா, சாயத்திலா, நுண்ணோக்கியிலா என்று தெரியாமல் தவிப்பீர்கள். நிதானமாகச் செய்தால் மூன்று சனிக்கிழமைகள் ஆகும்.

1. நான்கு பத்தி போட்ட ஒரு தாள்

ஏ4 தாளைக் குறுக்கே வைத்து நான்கு பத்தி கோடு போடுங்கள். எங்கே இருக்கிறது, செல் எப்படி இருக்கிறது, என்ன வேலை செய்கிறது, பெயர் என்ன. பெயர்ப் பத்தி வலது ஓரத்தில்தான் இருக்க வேண்டும். அதைக் கடைசியில் நிரப்பினால்தான் மற்ற மூன்றையும் நாம் உண்மையாகப் பார்ப்போம். பெயரை முதலில் எழுதிவிட்டால் பார்க்காததையும் பார்த்ததாக எழுதத் தோன்றும். பெரியவர்களுக்கும் இது நடக்கும்.

பெயரை இரண்டு மொழியில் எழுதுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைக்குப் பொருள் தெரிந்திருந்தும் மலாய்ச் சொல்லில் மாட்டிக்கொள்வது வாராவாரம் நடக்கிறது. ஒரு நல்ல செய்தி: தமிழிலும் திசு, மலாயிலும் திசு. அதற்கு மேல்தான் பிரியும். இணைப்புத் திசு என்பது திசு பெங்ஹுபோங், தசைத் திசு என்பது திசு ஓத்தோட், நரம்புத் திசு என்பது திசு சாராஃப். தாவரத்தில் நிலைத்த திசு என்பது திசு கெக்கால், அடிப்படைத் திசு என்பது திசு அசாஸ். பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளீரன்கைமா மூன்றும் மலாயில் கொஞ்சம் உருமாறிப் பாரன்கிமா, கோலன்கிமா என்று வரும். அவ்வளவுதான்.

2. முந்தின நாளே சேர்த்து வைக்க வேண்டியவை

வேலை பாதியில் இருக்கும்போது ஒரு சாமானைத் தேடி எழுந்தால், உரித்து வைத்த தோல் அதற்குள் காய்ந்துவிடும். எனவே எல்லாம் முதலிலேயே மேசையில் இருக்கட்டும்.

நுண்ணோக்கிக்கு 10 மடங்கு கண்ணருகு வில்லையும் 4, 10, 40 மடங்கு பொருளருகு வில்லைகளும் போதும். 100 மடங்கு எண்ணெய் வில்லை இந்தப் பாடத்துக்கு வேண்டாம். கண்ணாடி ஸ்லைடு, கவர்ஸ்லிப், இடுக்கி, தையல் ஊசி இரண்டு, சிறு ஓவியத் தூரிகை, சொட்டு போடும் குழல், டிஷ்யூத் தாள், புது சவர பிளேடு.

சாயத்துக்கு அலைய வேண்டியதில்லை. பள்ளி ஆய்வகத்தில் அயோடின் கரைசல் கிடைக்காவிட்டால், மருந்துக்கடையில் புண்ணுக்கு விற்கும் அயோடினைத் தண்ணீர் கலந்து தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்தாலும் வேலை நடக்கும். மெத்திலீன் நீலம் அலங்கார மீன் விற்கும் கடையில் மீன் மருந்தாகவே கிடைக்கிறது. அது கையிலும் சட்டையிலும் மேசையிலும் பட்டால் லேசில் போகாது. கீழே பழைய நாளிதழ் விரித்துவிட்டுத் திறங்கள். சிவப்புச் சாயத்துக்குச் சமையலறையில் இருக்கும் கேசரிச் சிவப்பே போதும்.

உப்பு நீர் ஒன்றும் கலக்கி வையுங்கள். 100 மில்லி கொதித்து ஆறிய நீருக்கு 0.9 கிராம் உப்பு. விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது. வெறும் தண்ணீரில் போட்டால் நீரை உறிஞ்சி ஊதும், வெடிக்கவும் செய்யலாம். தாவரச் செல்லுக்குச் சுவர் இருப்பதால் வெறும் தண்ணீரே போதும்.

3. நுண்ணோக்கியோடு அரை மணி நேரம்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே வெங்காயத்துக்குப் போகிறவர்கள்தான் வில்லையை ஸ்லைடில் இடித்து உடைக்கிறார்கள்.

நாளிதழிலிருந்து ‘ச’ எழுத்து ஒன்றை வெட்டி ஸ்லைடில் வையுங்கள். ‘ப’ வேண்டாம். அது தலைகீழானது தெரியும், இடவலம் மாறியது தெரியாது. ‘ச’ இரண்டையும் காட்டிக் கொடுக்கும். இப்போது ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்துங்கள், பிம்பம் வலப்பக்கம் ஓடும். விரலுக்கு இது பழகினால்தான் பிறகு தேடிய செல்லைத் தொலைக்காமல் இருப்பீர்கள்.

எப்போதும் 4 மடங்கு வில்லையில் தொடங்குங்கள். கண்ணை வில்லையில் வைக்காமல் பக்கவாட்டில் பார்த்தபடி ஸ்லைடையும் வில்லையையும் நெருக்குங்கள். பிறகு கண்ணை வைத்து, இரண்டும் விலகும் திசையில் மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். விலகும்போது எதுவும் இடிக்காது. 40 மடங்குக்குப் போனபின் பெரிய திருகைத் தொடவே கூடாது, சிறிய திருகு மட்டும். வெளிச்சம் கூடினால் நன்றாகத் தெரியும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சாயமில்லாத செல்லுக்கு அது நேர் எதிர். ஒளித்துளையைக் கொஞ்சம் சுருக்கினால்தான் விளிம்பு எழும்பும்.

அப்புறம் ஓர் அளவு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அளவுகோலை 4 மடங்கு வில்லையின் கீழ் வைத்து, வட்டத்தின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணுங்கள். என் நுண்ணோக்கியில் 4.5. அப்படியானால் 10 மடங்கில் 4.5 × 4 ÷ 10, அதாவது 1.8 மில்லிமீட்டர். 40 மடங்கில் 0.45. உங்கள் எண்ணைத் தாளின் மூலையில் எழுதி வையுங்கள், கடைசிப் படியில் கேட்பேன்.

4. வெங்காயத் தோல்: ஒரே அடுக்கு

பெரிய வெங்காயத்தை நான்காக வெட்டி, உள்ளே இருக்கும் ஒரு சதைப்பற்றான இதழை எடுங்கள். அதன் குழிந்த பக்கத்தில் கண்ணாடித் தாள் போல ஒரு தோல் இருக்கும். இதழை வெளிப்பக்கமாக மடக்கி ஒடித்தால் அந்தத் தோல் மட்டும் ஒடியாமல் தொங்கும். அதை இடுக்கியால் பிடித்து இழுங்கள். சின்ன வெங்காயம் வேண்டாம், இதழ் வளைவு அதிகம், தோல் சுருண்டுகொள்ளும்.

உரித்த தோலைக் காற்றில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்லைடில் ஏற்கெனவே வைத்த நீர்த்துளியில் உடனே மிதக்க விடுங்கள். விரல் நகம் அளவு துண்டு போதும். ஊசியால் ஓரங்களை விரித்துவிடுங்கள். மடிந்த இடத்தில் இரண்டு அடுக்குச் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பிள்ளைகள் அதைப் பார்த்து “டீச்சர், இந்தச் செல்லுக்குள்ள இன்னொரு செல் இருக்கு” என்பார்கள்.

ஒரு சொட்டு அயோடின் விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் துளியின் ஓரத்தில் ஊன்றி, சாய்வாக ஊசியில் தாங்கி மெல்ல இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் குமிழாகிவிடும். குமிழ் என்றால் முழு வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே வெறுமை. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அதைச் செல் என்று வரைந்து, நடுவில் உட்கரு ஒன்றும் சொந்தமாக வைத்துவிடுவார்.

இப்போது செங்கல் சுவர் போல நீண்ட செல்கள் தெரியும், இடைவெளியே இருக்காது. மஞ்சள் கலந்த பழுப்பில் உட்கரு. பெரும்பாலும் அது ஓரத்தில் ஒதுங்கியிருக்கும், ஏனென்றால் நடுவில் பெரிய நுண்குமிழிப் பை இடத்தைப் பிடித்திருக்கிறது. பசுங்கணிகம் எங்கே என்று தேட வேண்டாம். மண்ணுக்குள் வளரும் இதழுக்கு அது எதற்கு? தாவரச் செல் என்றாலே பச்சை என்று எழுதும் பழக்கம் இங்கேதான் உடைய வேண்டும்.

தாளில் எழுதுங்கள்: வெளிப்புறத்தில், நெருக்கமாக, ஒரே அடுக்கு, மூடிக் காப்பது. அதன்பிறகு பெயர்: புறத்தோல் திசு.

5. இலையின் அடித்தோல்

ரியோ டிஸ்கலர் செடி இங்கே பாதி வீட்டு வாசலில் இருக்கிறது. இலை மேலே பச்சை, கீழே ஊதா. ஊதாப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, இலையைச் சாய்வாகக் கிழித்தால் கிழிந்த ஓரத்தில் ஊதா நிற மெல்லிய தோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை நீரில் இட்டு மூடுங்கள். சாயமே வேண்டாம், செடியே சாயம் போட்டு வைத்திருக்கிறது.

ஊதாச் செல்களுக்கு நடுவே பச்சையாக, இரண்டு அவரை விதை எதிரெதிரே உட்கார்ந்தது போலக் காப்புச் செல்கள். நடுவில் இருக்கும் துளைதான் இலைத்துளை. ஒரே திசுவில் வேலைக்கேற்ப வேறு உருவம் கொண்ட செல்லும் இருக்கும் என்பதை வாயால் விளக்குவதைவிட இந்த ஒரு ஸ்லைடு நன்றாகச் சொல்லும். பசுங்கணிகம் காப்புச் செல்லில் இருக்கிறது, பக்கத்து ஊதாச் செல்லில் இல்லை. அதையும் எழுதுங்கள்.

மேல்தோலில் இலைத்துளையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பெரும்பாலான இலைகளில் அடிப்பக்கம்தான் அதிகம்.

6. தண்டு: இங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்

எந்தத் தண்டு என்பதில்தான் முதல் தவறு. வீட்டில் இருக்கிறது என்று சிவப்புக் கீரைத் தண்டைக் கொண்டுவருவார்கள். தண்டுக்கீரை இருவித்திலைத் தாவரம்தான், ஆனால் அதன் வாஸ்குலர் கற்றைகள் (சைலமும் புளோயமும் சேர்ந்த கட்டுகள்) பாடநூல் படம் போல ஒரே வளையமாக இருக்காது, நடுத்தண்டிலும் சிதறிக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘ஒருவித்திலை’ என்று எழுதிய பிள்ளையை நான் திட்டியிருக்கிறேன். அப்புறம்தான் நானே வெட்டிப் பார்த்து, அவள் கண் சரியாகத்தான் பார்த்தது என்று ஒப்புக்கொண்டேன். கங்குங் தண்டு நடுவில் பொந்து, வெட்டும்போது நசுங்கிவிடும். காசித்தும்பை நல்லது. அதன் இளந்தண்டு மென்மை, பாதி ஒளி புகும். கிடைக்காவிட்டால் பேரங்காடியில் விற்கும் செலரி. ஆனால் செலரியில் நாம் சாப்பிடுவது இலைக்காம்பு, தண்டு அல்ல. எனவே கற்றைகள் பிறை போல வளைந்து நிற்கும், வளையமாக இராது.

சாயம் ஏற்றுதல். தண்டின் அடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தே வெட்டுங்கள். காற்றில் வெட்டினால் குழாய்க்குள் காற்று நுழைந்து நீரோட்டம் அறுந்துவிடும். உடனே சிவப்புச் சாயம் கரைத்த நீரில் நிறுத்தி, வெளிச்சமும் காற்றும் உள்ள திண்ணையில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போவதுதான் சாயத்தை மேலே இழுக்கிறது. இலையைக் கிள்ளிவிட்டு மொட்டைத் தண்டை நிறுத்தினால் காத்திருந்ததுதான் மிச்சம்.

வெட்டுதல். பிளேடின் ஒரு பக்கத்துக்குத் தடித்த ஒட்டுநாடா சுற்றுங்கள். காரட் துண்டு ஒன்றை நெடுக்காகப் பிளந்து, நடுவில் தண்டுக்கு ஒரு பள்ளம் தோண்டி, சாண்ட்விச் போலச் சேர்த்துப் பிடியுங்கள். தண்டை மட்டும் பிடித்து வெட்டினால் பிளேடு அழுத்தத்தில் அது முட்டையாகச் சப்பிவிடும். காரட் நாலாபுறமும் தாங்கிக்கொள்ளும். பிளேடையும் காரட்டின் முகத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள். பிடித்த கையின் கட்டைவிரல் வெட்டும் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்.

அமுக்கி வெட்டாதீர்கள், ரம்பம் போல அறுக்கவும் வேண்டாம். பிளேடைச் சாய்வாக வைத்து, மூலையிலிருந்து மூலைவரை ஒரே இழுப்பாக உங்கள் பக்கம் இழுங்கள். பாட்டன் பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகளிடம், உளியை எப்படி இழுப்பார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்வேன். அதே பக்குவம்தான்.

பதினைந்து இருபது சீவல் எடுத்து, நீர் உள்ள வெள்ளைத் தட்டில் போடுங்கள். எது கண்ணுக்குத் தெரிகிறதோ அது தடித்தது. எது இருக்கிறதா இல்லையா என்று தேட வைக்கிறதோ அதைத் தூரிகையால் எடுங்கள். முழு வட்டம் கிடைக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். கால்வட்டம் மெல்லியதாகக் கிடைத்தால் அதுவே போதும், முழுத் தடிமனான வட்டத்தில் கறுப்புதான் தெரியும்.

பார்க்கும் வரிசை. விளிம்பிலிருந்து உள்ளே நடந்து வாருங்கள், குதிக்காதீர்கள். முதலில் ஒரே அடுக்குப் புறத்தோல், ஏற்கெனவே தெரிந்த முகம். அதற்குக் கீழே மூலைகள் மட்டும் தடித்த செல்கள், கோலன்கைமா. அப்புறம் மெல்லிய சுவரும் நடுவே சந்தும் உள்ள உருண்டைச் செல்கள், பாரன்கைமா. பிறகு சிவந்த புள்ளிகள். சிவப்பு ஏறிய வாய் அகன்ற குழாய்கள் சைலம். அதற்கு வெளிப்பக்கமாக, சிவக்காமல், சிறிய செல்களாக இருப்பது புளோயம். தண்டில் சைலம் உள்பக்கம், புளோயம் வெளிப்பக்கம். இலையில் சைலம் மேல், புளோயம் கீழ். ஏன் மாறுகிறது என்று குழம்ப வேண்டாம். தண்டிலிருந்து கற்றை வெளிப்பக்கம் வளைந்து இலைக்குள் போகும்போது, உள்ளே இருந்தது இயல்பாகவே மேலே வந்துவிடுகிறது. ஒரு துண்டு இரட்டை நிற ஒயரை வளைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

மூன்று ‘கைமா’க்களும் குழம்பினால் வாயாலும் கையாலும் பிரித்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கின் சதை பாரன்கைமா. ஒரு சீவலில் அயோடின் விட்டால் மெல்லிய சுவருக்குள் மாவுமணிகள் கருநீலமாகும். செலரியின் முதுகில் முகடாகத் தெரியும் நரம்பின் வெளிப்பகுதி கோலன்கைமா, வளையும் ஆனால் எளிதில் அறாது. கொய்யாப்பழத்தில் பல்லில் நறநறக்கும் மணல் போன்றது ஸ்கிளீரன்கைமாவின் ஒரு வகை, கற்செல்கள். ஒரு மணியை எடுத்து ஸ்லைடில் நசுக்கிப் பாருங்கள். சுவர் அவ்வளவு தடித்து, உள்ளே ஊசித்துளை அளவு வெளிதான் மிஞ்சியிருக்கும். தேங்காய் நாரும் அதே இனம். இரண்டும் முதிர்ந்தபின் உயிரற்றவை, லிக்னின் என்ற கெட்டிப் பொருள் ஏறியவை. பள்ளியில் சாஃப்ரனின் கிடைத்தால் ஒரு சொட்டு விடுங்கள், லிக்னின் உள்ள சுவர் சிவந்து நிற்கும்.

ஆக்குத்திசுவுக்கு, அதாவது பிரிந்து பிரிந்து புதுச் செல் தரும் திசுவுக்கு, வெங்காய வேர்நுனி வேண்டும். அதை அமிலத்தில் மென்மையாக்க வேண்டியிருப்பதால் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரோடு செய்யுங்கள், வீட்டில் வேண்டாம்.

7. பால்மரமும் செம்பனையும்: வெட்டாமல் பார்க்க வேண்டியவை

இங்கே படிக்கிற பிள்ளைக்கு இருக்கும் வசதி கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு இல்லை. கேம்பியம் (தண்டைப் பருக்க வைக்கும் ஆக்குத்திசு அடுக்கு) இருக்கும் மரமும் இல்லாத மரமும் சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நிற்கின்றன.

பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வருவது கட்டையிலிருந்து அல்ல, பட்டையின் உள்பகுதியில் புளோயத்தோடு கிடக்கும் பால்குழாய்களிலிருந்து. உட்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய கேம்பியம். அனுபவப்பட்டவர் உளியைக் கேம்பியத்தைத் தொடாமல், சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டை மிச்சம் இருக்கும்படி நிறுத்துவார். தொட்டுவிட்டால் பட்டை சீராக வளராது, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் போய், அடுத்த முறை வெட்ட முடியாது. பழைய மரம் ஒன்றின் தாழ்ந்த பகுதியை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் கேம்பியம் தப்பியது, முண்டு இருந்தால் யாரோ ஆழமாக இழுத்துவிட்டார். பாடநூலில் ‘கேம்பியம் புதுச் செல்களை உண்டாக்கும்’ என்று ஒரே வரியில் வருவது இதுதான். நீங்களாக உளி போடாதீர்கள், அது இன்னொருவரின் மரம்.

செம்பனையின் (எண்ணெய்ப் பனை) மட்டை வெட்டிய முகத்தைப் பாருங்கள். வளையம் இல்லை, புள்ளி புள்ளியாகக் கற்றைகள் சிதறிக் கிடக்கும், காய்ந்தால் நாராகத் துருத்தும். மட்டை இலைக்காம்புதான், ஆனால் மறுநடவுக்கு வெட்டிச் சாய்த்த மரத்தின் முகத்திலும் இதே சிதறல்தான். ஒருவித்திலைத் தாவரம், பட்டை கட்டை என்று பிரிக்கும் கேம்பியம் இல்லை, ஆண்டுவளையமும் இல்லை. செம்பனைக்கு வயது சொல்லச் சொன்னால் வளையத்தை எண்ணுகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

8. கன்னத்தின் உள்தோல்

இது சுலபம், ஆனால் சுத்தம் முக்கியம். ஆளுக்கொரு புதுப் பஞ்சுக்குச்சி. ஒருவர் குச்சியை இன்னொருவர் தொடக் கூடாது. எச்சில் வழியே நோய் பரவும். பள்ளி இதைச் செய்ய வேண்டாம் என்று சொன்னால் செய்யாதீர்கள், ஆயத்த ஸ்லைடைப் பாருங்கள். இரத்தத்தை வீட்டில் எடுத்துப் பார்ப்பது கூடவே கூடாது, அதற்கும் ஆயத்த ஸ்லைடுதான்.

வாயைக் கொப்பளியுங்கள். இல்லாவிட்டால் காலையில் தின்ற ரொட்டி சானாய்தான் தெரியும். கன்னத்தின் உள்பக்கம் மெல்லத் தடவி, ஸ்லைடில் உப்புநீர்த் துளியில் சுழற்றுங்கள். குச்சியை உடனே பிளீச் கலந்த நீரில் போடுங்கள். துளியில் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு, மீன்கடைச் சரக்கு என்றால் தண்ணீர் கலந்து. ஒரு நிமிடம் கழித்து மூடி, ஒரு பக்கம் டிஷ்யூத் தாளை வைத்து உறிஞ்சி, மறுபக்கம் உப்புநீர் விட்டுக் கழுவுங்கள். கழுவாவிட்டால் எல்லாமே நீலம்.

ஒழுங்கற்ற ஓரமுள்ள தட்டையான செல்கள், நடுவில் கருநீல உட்கரு. சில மடிந்திருக்கும், வறுத்த அப்பளம் போல. வெங்காயத்தில் பார்த்த செங்கல் ஒழுங்கு இங்கே இல்லை, ஏனென்றால் சுவர் இல்லை, அதோடு இவை கழன்று வந்த செல்கள். இதைப் பார்த்துவிட்டு ‘ஒற்றை அடுக்கு’ என்று எழுதாதீர்கள். கன்னத்தோல் பல அடுக்கு எபிதீலியம், அதாவது உடலை மூடிக் காக்கும் திசு. நாம் மேலே உதிர்வதைத்தான் தடவி எடுத்தோம்.

9. கோழித் தொடை

இந்த வகுப்பு மட்டும் கோயில் அறையில் கிடையாது, என் வீட்டுப் பின்கட்டில். புரட்டாசியில் அங்கேயும் கிடையாது. வீட்டில் சைவம் என்றால் அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தையில் “அண்ணே, தோலோட, வெட்டாம, முழுக் காலா குடுங்க” என்று கேளுங்கள். பாதமும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. வெட்டிய துண்டில் எது எங்கே ஒட்டியிருந்தது என்று தெரியாது, நமக்கு அந்த ஒட்டுதல்தான் பாடம்.

வெளியிலிருந்து உள்ளே. தோல். அடியில் மஞ்சள் கொழுப்பு, இதுவும் இணைப்புத் திசுதான். அப்புறம் சிவந்த தசைக் கட்டுகள். ஒரு கட்டின் நுனியைப் பின்தொடர்ந்தால் வெள்ளையாக, பளபளப்பாக, கடினமாக மாறி எலும்பில் போய் முடியும். அது தசைநாண். எலும்பையும் எலும்பையும் மூட்டில் கட்டுவது இணைப்பு நாண். சோதனையில் இவை இரண்டையும் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணத் தவறு. அதைத் தவிர்க்க, பாதத்தின் வெட்டுவாயில் பின்பக்கம் தெரியும் வெள்ளை நாணை இடுக்கியால் பிடித்து இழுங்கள். விரல்கள் மடங்கும். தசை இழுக்கும் வேலையை உங்கள் கை செய்தது, எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது தசைநாண். ஒருமுறை இழுத்த பிள்ளை பிறகு மாற்றி எழுதியதில்லை.

தொடைத் தசைகளை விரலால் பிரித்தால், நடுவே இரத்தக்குழாய்களோடு சேர்ந்து மங்கலான வெள்ளைக் கயிறு ஒன்று ஓடும். அது நரம்பு. நாண் பளபளக்கும், எலும்பில் முடியும். நரம்பு மங்கலாக இருக்கும், தசைகளுக்கு நடுவே புகுந்து கிளைவிட்டுப் போகும். எலும்பின் முனையில் நீலம் கலந்த வெள்ளையாகக் கண்ணாடி போல வழவழப்பது குருத்தெலும்பு. கத்தி நுனியால் சீவினால் சீவ வரும், எலும்பில் வராது.

நுண்ணோக்கிக்குத் தசை. முதல் ஆண்டு பச்சை இறைச்சியைக் கிழித்துக் கிழித்துப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். அவித்த இறைச்சியில்தான் நார்கள் தாமாகப் பிரியும். சூட்டில் நார்களைக் கட்டியிருக்கும் இணைப்புத் திசு இளகிவிடுகிறது. மயிரிழை அளவு ஒரு நாரை எடுத்து, துளி நீரில் இரண்டு ஊசியால் இன்னும் பிரியுங்கள். மெத்திலீன் நீலம், மூடி, 40 மடங்கு வில்லை, ஒளித்துளையைச் சுருக்குங்கள். சிறிய திருகை மெல்ல ஆட்டினால் நாரின் குறுக்கே நெருங்கிய வரிகள் எழும். வரித்தசை என்ற பெயர் இப்போது உங்களுடையது.

கோழி இதயமும் இரைப்பையும் வாங்கி வந்தால் கையாலேயே ஒப்பிடலாம். இரைப்பையை இங்கே ஹெம்பெடல் என்றுதான் கேட்க வேண்டும். அதன் தடித்த சதை மென்தசை, நாம் நினைத்து அசைக்க முடியாத வகை. இதயம் வேறு வகை. வரிகள் உண்டு, ஆனால் நார்கள் கிளைவிட்டுப் பின்னியிருக்கும். இவற்றை வீட்டுச் சாயத்தில் தெளிவாகக் காண்பது சிரமம், ஆயத்த ஸ்லைடில் பாருங்கள்.

இரத்தம் எந்தப் பத்தியில் போகும் என்று கேட்பார்கள். இணைப்புத் திசு. செல்கள் ஒரு நிரப்புப் பொருளில் சிதறிக் கிடப்பதுதான் இந்த வகையின் அடையாளம். எலும்பில் அந்த நிரப்பு கெட்டி, இரத்தத்தில் அது திரவம்.

10. வரைவதும் அளப்பதும்

கூரான பென்சில், ஒற்றைக் கோடு, நிழல் பூசாமல். தலைமுடி போலத் தொட்டுத் தொட்டுப் போட்ட கோட்டில் சுவர் எது என்று தெரியாது. குறியீட்டுக் கோடுகளை அளவுகோலால் போடுங்கள், ஒன்றையொன்று வெட்டக் கூடாது. மூன்று நான்கு செல்களைப் பெரிதாக வரைந்தால் போதும். வட்டம் முழுவதையும் நிரப்பி வரைவது பொழுதுபோக்கு.

இப்போது அந்த மூலை எண். 10 மடங்கு வில்லையில் வட்டத்தின் குறுக்கே வெங்காயச் செல்கள் நெடுக்காக ஆறு நின்றால், 1.8 ÷ 6, ஒரு செல் 0.3 மில்லிமீட்டர். நீங்கள் வரைந்த செல் 60 மில்லிமீட்டர் நீளம் என்றால் உருப்பெருக்கம் 60 ÷ 0.3, அதாவது 200 மடங்கு. இங்கே கிட்டத்தட்ட எல்லாரும் 100 என்று எழுதுவார்கள், கண்ணருகு 10, பொருளருகு 10 என்று பெருக்கி. அது கண்ணுக்குத் தெரிந்த பிம்பத்தின் பெருக்கம். தாளில் இருக்கும் படத்தின் பெருக்கம் நீங்கள் எவ்வளவு பெரிதாக வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு அளவும் ஒரே அலகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்டிமீட்டரை மில்லிமீட்டரால் வகுத்துவிட்டு விடை பத்துமடங்கு குறைகிறதே என்று விழிப்பவர்கள் உண்டு.

11. மேசையை ஒழிக்கும்போது

பிளேடைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள், குப்பை அள்ளுபவர் கை கிழியும். மூடியுள்ள மைலோ டின்னில் போட்டு ஒட்டுநாடா சுற்றுங்கள். கோழிக் கழிவை இரண்டு பையில் கட்டி அன்றே வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் எறும்பும் தெருநாயும் வகுப்புக்கு வரும். மேசையைச் சோப்பு நீரில் துடைத்து, கையை நன்றாகக் கழுவுங்கள். கன்னச் செல் ஸ்லைடும் குச்சியும் பிளீச் நீரில் அரை மணி நேரமாவது ஊறட்டும். நுண்ணோக்கியை 4 மடங்கு வில்லைக்குத் திருப்பி, உறை போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் வில்லையில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு, நிறம் மாறினால் புதிது வையுங்கள்.